என் பெயரில் ஒரு கிடங்கு

ஒக்டோபர் 3, வெள்ளி

வெயில். மழைக்கு முன் கிடங்கை மூடியாக வேண்டும். ஜும்ஆ முடிந்து இவர் வந்ததும் வயலுக்கு.

செங்கல்லுக்குக் களிமண் எடுத்தவர்கள் விட்டுப் போன பள்ளம், இரண்டு ஆள் ஆழம். பச்சைத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். பக்கத்து வயல்களுக்கு வரும் தண்ணீரெல்லாம் கசிந்து இதற்குள்தான். அது ஊறி வரும் எங்கள் வயல் கிணற்றுத் தண்ணீரில் கால் கழுவவும் மனம் வராது.

பூமி எனக்கு வந்த சீதனம். உம்மா என் பெயரில் எழுதியது. மண் எடுக்க ஓம் சொன்னது இவர். "ஒரு போகந்தானே புள்ள, மூடித் தருவாங்க." கையெழுத்து வைத்தது நான். நன்றாக மூடித் தந்தார்கள்!

ஒக்டோபர் 5, ஞாயிறு

வாங்க: கராம்பு (பல்வலி), மகளுக்குக் கொப்பி, சவர்க்காரம்.

மண் எடுத்தவருக்கு மறுபடி கோல் எடுத்தேன். "பெர்மிட் முடிஞ்சிட்டு, நாங்க இப்ப அங்க இல்லயே." அவர் இல்லைதான். கிடங்கு இருக்கிறது.

காரைதீவிலிருந்து பரமலிங்கம் அண்ணன் வந்தார். எங்களுக்குக் கீழ் வயல் அவருடையது. "டீச்சர், போகத்துக்குத் தண்ணி முடிவெடுக்கிற கன்னக்கூட்டத்துக்கு முதல் மூடினாத்தான் எங்கட கண்டத்து வயலெல்லாத்துக்கும் இந்தப் போகம் தண்ணி விடுவாங்களாம். கிடங்குக்குள்ள குளத்துத் தண்ணிய ஊத்த ஏலாதாம்."

இவருக்கு உடனே யோசனை: உமி! அரிசி மில்லில் மலைபோல் கிடக்கிறது, சும்மாவே தருவார்கள். மேலே கொஞ்சம் கிரவல் மண். களிமண் போட்டு அடுக்கடுக்காக இடிக்க வேண்டும் என்றேன். "ஒனக்கு வயல் வேலயப் பத்தி என்ன தெரியும்?" கதைத்து வேலையில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். தண்ணீரை இறைத்துவிட்டு, நாள் முழுக்க டிரக்டரில் உமி. பின்னேரம் கிரவல். மட்டமாக, அழகாக. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ரோட்டில் நின்றே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். இவருக்கு ஒரே பெருமை.

ஓரத்தில் மிதித்துப் பார்த்தேன். மெத்தைபோல் ஆடியது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. ஸ்கூலில் பாதிப் பிள்ளைகள்தான்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் கிரவல் அடியில், உமி மேலே. வாய்க்கால் நிறைய உமி. மதகு அடைத்து, தண்ணீர் திரும்பிக் கீழ் வயல்களுக்குள். பரமலிங்கம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று உமியை வாரிக்கொண்டிருந்தார். "பாருங்க டீச்சர், விதைக்காமலே வயல் பொன்னாக் கிடக்கு." சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

ஒக்டோபர் 16, வியாழன்

கன்னக்கூட்டம். பெண்கள் போவதில்லை. என் பெயருக்கு இவர்.

முடிவு: எங்கள் கண்டத்துக்கு இந்தப் போகம் தண்ணீர் இல்லை. காரணம் புத்தகத்தில் எழுதியாயிற்றாம். யார் பெயர்? என் பெயர்.

"ஏன் என்ட பேரு?"

"பூமி ஒன்ட பேரிலதானே புள்ள." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

தோண்டச் சொன்னவரும் இவர், உமி போட்டவரும் இவர். ஊர் வாயில் விழுவது நான். வெறுப்பாக இருக்கிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

தூறல். இவர் ஜும்ஆவுக்கு வெளிக்கிடும் நேரம் வாசலில் பரமலிங்கம் அண்ணன். இவரைக் கூப்பிடத் திரும்பினேன்.

"அவர் வேணாம், டீச்சர். பேர் உங்கட பேர். நான் விதைநெல் ஊறப் போட்டிட்டன். இப்ப என்ன செய்யிற எண்டு நீங்க சொல்லுங்க."

என் பூமியைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.