குமரேசன் பாட்டுக்கு நான் போட்ட பூட்டு

பத்து பகாட், மலேசியா, வெள்ளிக்கிழமை இரவு

இன்று மாலை குமரேசனின் மகள் யாழினி வந்திருந்தாள். அவன் போய்ச் சேர்ந்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. கல்யாண வீடுகளில் வாசிக்கும் எங்கள் கச்சேரிக் குழு போட்ட ஒரே சிடியில் எல்லாப் பாட்டும் அவன் பாடியதுதான். அதைத் தன் சின்ன எம்பி3 பிளேயரில் ஏற்றித் தரச் சொன்னாள். அவள் வேலை செய்யும் சிங்கப்பூர் ஃபேக்டரியில் கேமரா போனை உள்ளே விடமாட்டார்களாம்.

கணினியில் போட்டால் வெறும் கரகரப்புதான் வந்தது. ரேடியோவில் பாடும், கணினியில் நகலெடுக்க முடியாது; அப்படிப் பூட்டிய சிடி அது.

"யாரு அங்கிள் இத லாக் பண்ணது?"

"சிடி அடிச்ச கடையில" என்றேன்.

பொய். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் திருட்டு சிடி குவிந்து கிடந்த காலம் அது. நகலெடுக்க முடியாதபடி பூட்டியே ஆகவேண்டும் என்று கடைக்காரனிடம் அடம்பிடித்தவன் நான். குமரேசன் சிரித்தான். "நம்ம பாட்ட எவன்டா திருடப் போறான்? நாலு பேரு கேக்கட்டும் லா." அதற்காக அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் சிடி போடும் பழைய ரேடியோவில் சிடியை ஓடவிட்டு, பிளேயரைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தோம். அவன் குரலோடு தலைக்குமேல் சுழன்ற காத்தாடியின் சத்தமும் சேர்ந்து விழுந்தது. அணைக்க எழுந்தேன்.

"இருக்கட்டும் அங்கிள். அப்பா வீட்டுல பாடுறப்பவும் காத்தாடி ஓடும்."

வாசல்வரை கூடவே போனேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் போனபின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். விற்காத சிடிகள் பெட்டியோடு அப்படியே இருக்கின்றன. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை நகலெடுக்க வந்தவள் அவன் மகள் ஒருத்திதான்.