மூன்று கோழிகள் மட்டும் கொத்தின

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் போன கை பாதியில் நின்றுவிட்டது. பயந்துவிடாதே, அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார், ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அப்பா பின்னறையில் செய்கிற பொம்மைகள் உனக்குத் தெரியும். காலையில் பள்ளிப் பிள்ளைகளை வேனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், மாலை வேன் எடுக்கும்வரை அவருக்கு அந்த ரம்ப மெஷின்தான் உலகம். மெல்லிய பலகையில் படத்தை ஒட்டி, நூல் மாதிரி இருக்கும் பிளேடு மேலும் கீழும் குதிக்கக் குதிக்க, பலகையைத் திருப்பித் திருப்பிக் கோடு பிசகாமல் அறுப்பார். பொம்மைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் பல்சக்கரம், கம்பி, ஒரு குட்டி மோட்டார். இந்தத் தடவை உன் குழந்தைக்காக ஒரே வரிசையில் ஆறு கோழிகள், சுவிட்சைப் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து கொத்த வேண்டும். நாலு வருஷமாக ஒரு கீறல் படாதவர், இதைச் செய்த வாரம் மட்டும் இரண்டு முறை இடது கை விரலை பிளேடில் கொடுத்தார். வேனின் இடது பக்கக் கண்ணாடியை கேட் தூணில் உரசிவிட்டு வந்து, தூணை யார் நகர்த்தினது என்று என்னிடமே கேட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும், ஏன் என்றால் "முழுசும் சாப்பிட்டேனே" என்பார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, புத்தியெல்லாம் அந்தப் பொம்மையிலேயே இருக்கு என்று திட்டித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "வா வா, முடிஞ்சுது" என்று கூப்பிட்டார். கரண்டியும் கையுமாகப் போனேன். சுவிட்சைத் தட்டினார். வலது பக்கத்து மூன்று கோழிகளும் சிவப்புக் கொண்டையும் கறுப்புக் கண்ணுமாக டக் டக்கென்று கொத்தின. இடது பக்கத்து மூன்றும் வெறும் மரம். பெயிண்ட் இல்லை, கண் இல்லை, கம்பி கோக்க ஓட்டைகூடப் போடவில்லை. மீதி மூணு எப்போ என்று கேட்டேன். "எந்த மூணு? ஒண்ணு விடாம கொத்துது பாரு" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்டினார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. இடது பக்கமாகப் போய் நின்று கரண்டியை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆட்டினேன், அசையவில்லை. "எங்கே போயிட்டே?" என்று வலது பக்கம் திரும்பித் தேடுகிறார். தம்பி, நான் ஒரு முழம் தூரத்தில்தான் நிற்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். சரி வா, நானே ஓட்டிட்டுப் போறேன் என்று வேன் சாவியை எடுத்தார் பார், அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கண்ணோடுதான் தினமும் பதினாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்று. சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர், "எனக்கு நல்லாத்தான் தெரியுது, சாவியைக் குடு" என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் தரமாட்டேன் என்று கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு டெய்லர்தான் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

மூளையில் வலது பக்கம் ரத்தக்கட்டு. கண்ணில் கோளாறு இல்லையாம், மூளை இடது பக்கம் என்ற ஒன்றையே விட்டுவிட்டதாம், அது இல்லை என்பதும் அவருக்குத் தெரியாதாம். "பத்து நாளாவது ஆகியிருக்கும்மா" என்றார் டாக்டர் அம்மா. பத்து நாள். காலையும் மாலையும்.

அப்பா மூன்று நாள் நம்பவேயில்லை, என்னை விடுங்க, பிள்ளைங்க காத்துட்டிருக்கும் என்று அதே பேச்சு. டெய்லரிடம் சொல்லிப் பொம்மையைக் கொண்டுவரச் செய்தேன். டாக்டர் அதை அவர் மடியில் வைத்து ஓடவிட்டார், அப்பா பெருமையாகச் சிரித்தார். பிறகு டாக்டர் பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தார். வெறும் மரக் கோழிகள் மூன்றும் அவர் வலது பக்கம் வந்துவிட்டன. அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது என் கைதானா?" என்று கேட்டார். அப்புறம் "பதினாலு பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டார். அந்த அழுகையை நான் அவரிடம் என்றைக்கும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் தோளைப் பிடித்துக்கொண்டு பதினாலு வீட்டுக்கும் நடந்து போய் நடந்ததைச் சொன்னார். சில வீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு பிள்ளையின் அப்பா முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். அவர் செஞ்சதுதான் சரி என்று சொல்லிக்கொண்டே அப்பா படியிறங்கினார். லைசென்ஸைத் தானே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார், வேனை இப்போது வேறு டிரைவர் ஓட்டுகிறார். பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்கிறார்கள், அதுவரை ரம்பத்தைத் தொடக்கூடாது. நான் அவருடைய இடது பக்கமே உட்கார்ந்து பேசுகிறேன், என் குரலுக்காகவாவது அந்தப் பக்கம் திரும்பட்டும் என்று. நீ லீவு கிடைக்கும்போது வந்தால் போதும், அடித்துப் பிடித்து ஓடிவராதே. ஆனால் இந்த வாரமே பிரஷர் பார்த்துக்கொள், சாக்குச் சொல்லாதே, மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஒன்றை எழுதாமல் மூட மனசு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால், வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசினோமே, அப்போது நீ "என்னம்மா, அப்பா ஒரு கன்னத்துல மட்டும் ஷேவ் பண்ணியிருக்காரு?" என்று கேட்டாய். ஏதோ அவசரத்தில் கிளம்பினார் என்று நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து நாள் அவர் வேன் ஓட்டியிருக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து உனக்குத் தெரிந்தது, ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. இனிமேல் நீ எதையாவது கேட்டு நான் சிரித்தால் விட்டுவிடாதே தம்பி, என்னைச் சத்தம் போடு.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலைப் பார்த்தபடி இருக்கும்
அம்மா