படுக்கப் போட்ட பானைகள்

கீரனூர் தபால்,
ஐப்பசி மாதம்.

சௌபாக்கியவதி செவந்திக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் ஆத்தாவும் மாடு கன்றும் மழையில் நனைந்துகொண்டு சுகமாக இருக்கிறோம், ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் ஆத்தா யாரையாவது பிடித்து எழுதச் சொல்லிவிடுவாள். கொல்லைக் குட்டைக்கு நாரை வருகிறதென்று என் பழைய சட்டையை ஒரு கொம்பில் மாட்டி, மேலே சட்டியைத் தலையாகக் கவிழ்த்துக் கரையில் நட்டுவைத்தேன். நாரை அந்தத் தலைமேலேயே உட்கார்ந்து மீன் பார்த்தது. நீங்களே நின்றிருந்தாலும் இதே மரியாதைதான் என்கிறாள் உன் ஆத்தா.

நாரை வந்ததற்கே காரணம் நான்தான். சித்திரையில் கண்மாய் வற்றி ஊரே இறங்கி மீன் பிடித்தபோது, மழைக்குப் பின் திரும்ப விடுவதற்கென்று விதை விராலை ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலக்காரர் முதல் தடவையாக நம் குட்டையில் விட்டுவைத்தாரே, அன்றைக்கே நீ உடைந்த பானைகளைப் பொறுக்கிவந்து தண்ணீருக்குள் போட்டுக் கரையோரம் இலந்தை முள்ளும் போட்டாய். பெண்பிள்ளை விளையாட்டு என்று சிரித்தேன். நீ கப்பலேறிய பிறகு, அம்பலக்காரர் மீனைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு, குட்டை லட்சணமாக இருக்கட்டுமென்று பானையையும் முள்ளையும் வாரி வெளியே எறிந்துவிட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. "குட்டையைக் கூட்டிப் பெருக்கி வச்சா யாருக்குங்க வசதி, நாரைக்குத்தானே" என்று உன் ஆத்தா கேட்டதும்தான் புத்தி வந்தது. விதை மீன் அழிந்தால் அடுத்த வருஷம் கண்மாயில் மீன் ஏது, நம் வீட்டை நம்பி ஊர் இனி எதைத்தான் ஒப்படைக்கும். பானைகளைத் திரும்பப் போட்டேன், அதையும் அடுப்பில் ஏற்றுகிற மாதிரி வாய் மேலே பார்க்க வைத்தேன், விரால் உள்ளே போய் ஒடுங்க, நாரை கிண்ணத்திலிருந்து எடுப்பதுபோல எடுத்துத் தின்றது. "படுக்கப் போடுங்க, வாய் ஆழத்தப் பாக்க அவ படுக்கத்தானே போட்டிருந்தா" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உன் ஆத்தா இறங்கினாள். முள்ளையும் சுற்றிலும் வளைத்துப் போட்டோம். நாரை வெளியே நின்று காலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு நாள் வராமலே போய்விட்டது. பாதிக்கு மேல் பிழைத்தன. மழை பிடித்ததும் ஒரு ஜோடி குஞ்சு பொரித்தது, குஞ்செல்லாம் செக்கச்செவேலென்று பந்து மாதிரி மிதக்க, தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் சுற்றின.

போன வெள்ளிக்கிழமை மேளத்தோடு அண்டாவில் தூக்கிப்போய்க் கண்மாயில் விட்டோம். அம்பலக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை கொழுத்த விதை மீனை நான் பார்த்ததில்லை, யார் யோசனை என்றார். என் மகள் செவந்தி என்றேன், பானை படுக்கிற விதத்தைக் கையால் வேறு காட்டினேன். அப்பனுக்கு இதில் பங்கே இல்லையா என்று ஒருவன் கேட்டான், நாரைக்குப் பந்தி வைத்தது நான்தான் என்றேன், கரையே சிரித்தது. இனி வருஷா வருஷம் விதை மீன் நம் வீட்டில்தான் என்று அம்பலக்காரர் சொல்லிவிட்டார்.

அங்கே ஓயாத மழை என்கிறார்கள், ஈரத் தலையோடு படுக்காதே. ஆத்தாவுக்கென்று தனியாக நாலு வரி எழுது, எனக்கு எழுதுவதில் சேர்த்து எழுதினால் நான் விட்டுவிட்டுப் படிப்பதாக அவளுக்குச் சந்தேகம். பிரகதாம்பாள் துணையிருந்து உங்கள் இருவரையும் வாழவைப்பாள்.

மீனை விடும்போது, இன்னார் மகன் இன்னார் விட்ட மீன் என்று உரக்கச் சொல்வது உனக்குத் தெரியும். சிவசாமி மகன் ஆவுடையப்பன் விட்ட மீன் என்று வழக்கப்படிதான் சொன்னேன். வாய் வரை வந்தது வேறு, ஊர் என்ன சொல்லுமோ என்று விழுங்கிவிட்டேன். அதைக் கீழே கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செவந்தி அப்பன் ஆவுடையப்பன்