பாந்தெலிஸ் என்கிற திருடன்

அக்டோபர் 14, செவ்வாய்

முட்டி ஆபரேஷன் முடிந்து சோபாவில் கிடக்கிறேன். கிறிஸ்துமஸ் வரை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். நான் இல்லாமல் வோலோஸ் நகரத்துத் திருடர்கள் என்ன செய்வார்களோ. மனைவி ஃபோதினி சொல்கிறாள்: "அவங்களும் கொஞ்சம் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே."

மாலையில் மகள் ஸ்மாரோ வந்து டிவியோடு ஒரு கேம் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள். வாளும் மந்திரமுமாய் ஒரு ராஜ்ஜியம். நமக்குப் பிடித்த மாதிரி ஓர் ஆளை உருவாக்கி அதற்குள் உலவ வேண்டும். அவளோடு குடித்தனம் நடத்தும் ஆர்கிரிஸும் அவர்கள் வீட்டிலிருந்தபடியே இதை ஆடுகிறானாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்கப்பா. உங்களப் பாத்தாலே அவனுக்கு வேர்த்துக் கொட்டுது."

நான் அவனை என்ன செய்துவிட்டேன்? முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அடையாள அட்டையைக் கேட்டேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 16, வியாழன்

போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன், திருடன். யார் வேண்டும் என்று கேட்டது. திருடனை எடுத்தேன். ஃபோதினி சிரித்ததில் காபி சிந்திவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? திருடர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பெயர் கேட்டது. பாந்தெலிஸ் என்று போட்டேன்.

"எங்கண்ணன் பேர வைக்கத்தான் உங்களுக்குத் தோணிச்சா?"

"பொருத்தமா இருந்துச்சு."

மச்சான் வாங்கிக்கொண்டு போன டிரில்லிங் மெஷின் இன்னும் திரும்பி வரவில்லை.

கொடுத்த பாயிண்ட்டுகளைப் பலம், பேச்சு, பதுங்கல், பூட்டு என்று எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரித்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. இரும்புக் கவசம், இரும்பு பூட்ஸ். ஆள் கம்பீரமாக இருக்கிறான்.

அக்டோபர் 17

மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 18

மறுபடியும். இம்முறை ரொட்டிக்கடையில். காவலன் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளே தள்ளினான். என்ன குற்றம் என்றுகூடச் சொல்லவில்லை. நடைமுறை சுத்தமாகச் சரியில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

ஹெட்செட்டில் ஆர்கிரிஸ் வந்தான். நிஜத்தில் நர்ஸ், கேமிலும் வைத்தியன்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஆளு நடந்தா பாத்திரக்கடையே எழுந்து நடக்கிற மாதிரி இருக்கு."

"வேற என்ன போடச் சொல்ற?"

"மெல்லிசா தோல் சட்டை, துணிச் செருப்பு. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தா ஒண்ணும் தேறாது சார். பதுங்குறது, பூட்டு திறக்கறது, கைவித்தை, இதுக்கு மட்டும் கொடுங்க. விளக்கு எரியற பக்கம் போகாதீங்க. அப்புறம், காவலாளி திரும்பற வரைக்கும் பொறுமையா..."

"பொறுமையா? அவரா?" அடுக்களையிலிருந்து ஃபோதினி. "மைக்ரோவேவ் நிக்கறதுக்குள்ள கதவத் தொறக்கிற மனுஷன்."

பழைய ஆளை அழித்துவிட்டேன். புதிய பாந்தெலிஸ் ஒல்லி. பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மில் முதலாளியின் இடுப்பிலிருந்து சாவியை உருவிவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோபாவிலேயே கைதட்டிக்கொண்டேன். ஒரு போலீஸ்காரனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா?

ஆர்கிரிஸ் சத்தமாகச் சிரித்து, "கலக்கிட்டீங்க மாமா" என்றான். உடனே "சார்" என்று திருத்திக்கொண்டான். நான் கேட்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மத்தியானம். அரண்மனையில் ஓர் அலமாரிக்குள் பதுங்கி, காவலாளி போகட்டும் என்று காத்திருந்தேன். ஆர்கிரிஸ் மைக்கை அணைக்க மறந்து எழுந்து போயிருக்கிறான். ஸ்மாரோவின் குரல் கேட்டது.

"இன்னும் அப்பாகிட்ட சொல்லலையே."

"நீதான் சொல்லணும். உங்கப்பா."

"கத்துவாரு. பெர்கன் எங்க இருக்குன்னுகூடக் கேக்காம கத்துவாரு."

ஜனவரியில் வேலையில் சேரணுமாம். இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டதாம். நார்வேயில்.

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கத்துவேனாம். எப்ப கத்தினேன் நான்? சரி, கத்துவேன்தான். இப்பவும் கத்தணும் போலத்தான் இருக்கு. ஒரே பொண்ணு. போறா, போகட்டும். எங்கிட்ட சொல்லக்கூடவா பயம்?

நவம்பர் 10

ஃபோதினியிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"ஆகஸ்ட்லயே தெரியும்."

மச்சானுக்கும் தெரியுமாம். இந்தக் குடும்பத்தில் துப்புக் கிடைக்காதவன் நான் ஒருவன்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

கைத்தடியோடு துறைமுகம் வரை போனேன். இருவரையும் சிப்புரோ சாராயம் குடிக்கக் கூப்பிட்டிருந்தேன். ஒவ்வொரு சின்னக் குப்பியோடும் சுட்ட ஆக்டோபஸ், சிப்பி என்று தட்டுத் தட்டாக வந்தது. சேதி மட்டும் வரவில்லை. ஸ்மாரோ இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். இரண்டு முறையும் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆர்கிரிஸுக்கு வேர்த்துக் கொட்டியது.

நானே கேட்டிருக்கலாம். கேட்டால் அது வாக்குமூலம் ஆகிவிடும். அதுவாக வரட்டும்.

வருமா?

நவம்பர் 23, ஞாயிறு

ராஜ்ஜியத்தின் வடகோடியில் பனி. அங்கே ஒரு குடித்தலைவனிடம் கரடித்தோல் அங்கி இருக்கிறது. கட்டிலருகில் ஒரு நாய், வாசலில் இரண்டு காவல். இந்த வாரம் முழுவதும் மத்தியானங்கள் அதற்கே போயின. கோபம் வந்தபோதெல்லாம் மாட்டிக்கொண்டேன். இன்று எடுத்துவிட்டேன்.

பிறகு, ஆர்கிரிஸின் வைத்தியன் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் அவன் பைக்குள் அதை வைத்துவிட்டு வந்தேன். எடுப்பதைவிட வைப்பது கஷ்டம்.

நவம்பர் 25, செவ்வாய்

"மாமா, என் பையில ஒரு கரடித்தோல் கெடக்கு. எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"வடக்க போறவங்களுக்குத் தேவைப்படும்ல."

"ஸ்மாரோ, கொஞ்சம் இங்க வா" என்று அவன் கூப்பிடுவது கேட்டது. அவள் வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எப்பலேர்ந்துப்பா தெரியும்?"

"அலமாரிக்குள்ள இருந்தப்பலேர்ந்து."

"எந்த அலமாரி? ஏன்ப்பா நீங்க கத்தல?"

"பெர்கன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அழுதுகொண்டே சொன்னாள். கடலோரமாம். எப்போதும் மழையாம்.

அதன் பிறகு கொஞ்சம் கத்தினேன். மச்சான் வந்திருந்தான், அவனிடம். டிரில்லிங் மெஷினுக்காக.

ஜனவரி 5, திங்கள்

போய்விட்டார்கள். பஸ் கிளம்பும்போது ஆர்கிரிஸ் கட்டிப்பிடித்தான். பையன் நல்ல பலசாலிதான்.

ஜனவரி 6

வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஸ்மாரோவும் கேமுக்குள் வந்துவிட்டாள். என்ன ஆளை எடுத்தாள் என்று சொல்லவே இல்லை. இன்று நகரவாசலில் பார்த்தால், தலைக்கவசமும் ஈட்டியுமாகக் காவல்தலைவி. சுவரோரம் நல்ல இருட்டு இருந்தது, நழுவியிருக்கலாம். நழுவவில்லை. என் மகள் என்னைக் கைது செய்தாள்.

"பேரு?"

"பாந்தெலிஸ்."

"எங்கேர்ந்து வர்ற?"

"அது பெரிய கதை, அம்மா."

"சொல்லு. எனக்கு நேரம் இருக்கு."

மலைப்பாதையில் ஆரம்பித்தேன். இல்லாத ஓர் அத்தையைக் கொண்டுவந்தேன். அத்தைக்கு ஒரு கழுதை வைத்தேன். அவள் கழுதையின் பெயரைக் கேட்டாள். பெர்கனில் மழை பெய்யும் சத்தம் மைக்கில் கேட்டது.

"உண்மைய ஒத்துக்கிட்டு வாங்க, சூப் ஆறுது," என்றாள் ஃபோதினி.

ஒத்துக்கொண்டால் விசாரணையை முடித்துவிடுவாளே.