சூரியன் இல்லாத லாயம்

குளிர்கால நாள் 41. காலை 06:40
வெளியே −38°. லாயம் −4°. மனநிலை 6/10.

சோழி குடித்த தண்ணீர் 19 லிட்டர். தின்ற உலர்புல் 7 கிலோ. லத்தி இயல்பு. இடது முன்னங்கால் வீக்கம் போன வாரத்தைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. காற்றாலை சீராக ஓடுகிறது.

இதை யார் எடுத்துப் படிப்பீர்கள் என்று தெரியாது. ஆகவே ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். என் பெயர் செண்பகவல்லி. வயது நாற்பத்து நான்கு. கால்நடை மருத்துவர். இருப்பது, வாடை என்று நாங்கள் பெயர் வைத்த கோளின் வடமுனைக்கு அருகே, மூன்றாம் நிலையம். இங்கே காற்றைச் சுவாசிக்கலாம். குளிரைத்தான் தாங்க முடியாது. குளிர்காலம் தொடங்கினால் சூரியன் நூற்று முப்பத்தொரு நாள் தலைகாட்டாது. பனிப்பிளவுகளில் வண்டிகள் சிக்கிக்கொள்கின்றன, பேட்டரிகள் உறைகின்றன. அதனால் மலைக்குதிரைகளைக் கருவாகக் கொண்டுவந்து இங்கேயே வளர்த்தோம். ஒவ்வொன்றும் ஒருவர் பெயரில் பதிவு. சோழி என் பெயரில். ஒன்பது வயது, பழுப்பு நிறம், நெற்றியில் சோழி அளவுக்கு ஒரு வெள்ளை.

மற்றவர்கள் குளிர் தொடங்குமுன் பதினோரு குதிரைகளோடு தெற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்குடிக்கு இறங்கிவிட்டார்கள். சோழிக்கு அந்த வாரம்தான் கால் தசைநார் கிழிந்தது. அவளை ஊசி போட்டு முடித்துவிட்டுக் கிளம்பு என்றது நிர்வாகம். நான் இருந்துவிட்டேன். வீரம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் கோபமாக இருந்தேன், அவ்வளவுதான்.

நாள் 49. காலை 10:05
வெளியே −41°. லாயம் −5°. மனநிலை 5/10.

தண்ணீர் 19 லிட்டர். புல் 6.5 கிலோ.

தென்குடி மருத்துவர் ரஹ்மத் நிஷாவிடமிருந்து பட்டியல் வந்தது. தினமும் அரை மணி நேரம் வெளிச்ச விளக்கின் முன் உட்கார வேண்டும். குளிக்க வேண்டும். ஒருவரிடமாவது பேச வேண்டும். அன்று நடந்த நல்ல விஷயம் ஒன்றை எழுத வேண்டும்.

இன்று நடந்த நல்ல விஷயம்: எதுவும் இல்லை. பட்டியல்படி எழுதியாயிற்று.

பேச வேண்டிய ஒருவர் ஞானதுரை, தென்குடியின் வானொலிக்காரன். இன்றைய பதிவு:

"அக்கா, சாப்ட்டாச்சா? குரலு ஒரு மாதிரி இருக்கே."

"தொண்ட கட்டியிருக்கு."

"தொண்டையா, மனசா?"

"ஞானதுரை, வானிலைய வாசி."

வாசித்தான். நாளையும் இருட்டு. இதைச் சொல்ல ஒரு துறை.

நாள் 56. மாலை 16:20
வெளியே −44°. லாயம் −7°. மனநிலை 4/10.

லாயத்துக்குத் தண்ணீர் போகும் குழாயின் சூடாக்கி எரிந்துவிட்டது. மாற்றுச் சுருள் இல்லை. இருந்த ஒன்றைத் தென்குடிக்கு எடுத்துப்போனதாகக் கிடங்குப் பட்டியல் சொல்கிறது.

இனி வாளிதான். குடியிருப்பிலிருந்து லாயத்துக்கு அறுபத்தெட்டு காலடி, கயிற்றைப் பிடித்தபடி. போய்ச் சேரும்போது தண்ணீரின் மேல் பனியாடை. கையுறை வாளியோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது வாளியைச் சோழி முகர்ந்து பார்த்துவிட்டு முட்டிக் கவிழ்த்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அவள் திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டினாள்.

மருத்துவரின் வெளிச்ச விளக்கை லாயத்தில் மாட்டிவிட்டேன். அவளும் பத்து நாளாகச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள். ஒரே விளக்கில் இருவரும் அரை மணி நேரம் உட்காரலாம், மின்சாரம் மிச்சம். அவள் உட்காரவில்லை. விளக்குக்கும் பின்பக்கத்தைத்தான் காட்டினாள்.

நாள் 64. மாலை 17:00
வெளியே −43°. லாயம் −8°. மனநிலை 3/10.

தண்ணீர் 19. புல் 6.5.

நேற்றுப் பதிவு இல்லை. எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலை ஆறுக்கு மணி அடித்தது. எழுந்து உடைகளை மாட்ட இருபது நிமிடம், வாளி சுமக்க நாற்பது நிமிடம், லத்தி அள்ள அரை மணி என்று படுத்தபடியே கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டி முடிக்கும்போது மணி மூன்று. நாலுக்குப் போய்த் தீனி வைத்தேன். அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

எனக்கு அழுகை வரவில்லை. வருத்தம்கூட இல்லை. ஒரு சலிப்பு. காலுறைக்கு ஜோடி கிடைக்காததற்கு அரை மணி நேரம் ஆத்திரப்பட்டேன். குதிரையை விட மனமில்லாமல்தான் இங்கே தங்கினேன். இப்போது அந்தக் குதிரையைப் பார்க்கப் போவதே பாரமாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாள் 70. காலை 11:30
வெளியே −43°. லாயம் −8°. மனநிலை 3.

தண்ணீர் 19. புல் 6.5. மற்றபடி மேற்படி.

நாள் 72. காலை 09:15

சோழி படுத்திருக்கிறாள். தலையைத் திருப்பித் திருப்பி விலாவைப் பார்க்கிறாள். எழுந்து தரையைப் பிறாண்டிவிட்டு மறுபடி படுக்கிறாள். நாடி 64, வழக்கமாக 36. ஈறு வறண்டிருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இடப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பின்புறமாகக் கையை விட்டுப் பரிசோதித்தேன். பெருங்குடலில் கல்போல அடைப்பு.

காரணம் எனக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீரைக் குதிரை குறைவாகக் குடிக்கும், காய்ந்த புல் குடலில் இறுகும். முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம்.

மேலே 19 லிட்டர் என்று எழுதியிருக்கிறேன். பொய். நாள் 58 முதல் நான் அளக்கவில்லை. பழைய எண்ணையே போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது வாளிகளில் மீந்ததை அளந்தேன். நேற்று அவள் குடித்தது ஆறு லிட்டர்.

நாள் 72. காலை 11:40

வலிக்கு ஊசி போட்டேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் எண்ணெயும் இறக்கினேன். நொண்டிக் காலோடு இருக்கும் அவளை லாயத்தின் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்துகிறேன்.

நிர்வாகி திரவியம் தொடர்புக்கு வந்தார்.

"செண்பகவல்லி, கேக்குறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அத முடிச்சு விட்டுருங்க. நீங்க உங்களப் பாருங்க. லாயத்துக்குப் போற சூடாவது மிச்சமாகும்."

"சரி."

சரி என்று சொன்னது என் வாய்தான். பதிவில் இருக்கிறது.

நாள் 72. மாலை 15:30

பச்சைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். தேற்ற முடியாத குதிரைகளின் உயிரை முடிக்கும் கடைசி ஊசி அதில்தான் இருக்கும். குதிரையை மட்டும் நினைத்து எடுத்தேன் என்று எழுதினால் அதுவும் 19 லிட்டர் கணக்காகிவிடும். இன்றைக்குப் பொய் எழுதுவதில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வானொலியைப் போட்டேன். முழுப் பதிவையும் இங்கே தருகிறேன்.

"ஞானதுரை, பச்சப் பெட்டி எங்கிட்ட இருக்கு."

"சோழிக்கா, அக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு தோணுது."



"அக்கா, நான் இங்கனதான் இருக்கேன். எங்கயும் போவல. பெட்டி கைலயா இருக்கு?"

"மடியில."

"அத வெளிய கொண்டுபோய் வச்சிருங்க. வானிலைக் கருவிக் குடிசைல. நானூறு எட்டு நடை இருக்கும்லா? வச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"அவளுக்கு வலி தாங்கலன்னா? மருந்து தீந்துபோச்சுன்னா? அவ துடிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் நிக்கவா? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டரு. அவளுக்கு வேணும்னா நானூறு எட்டு நடந்து போய் எடுங்க. ஒங்களுக்குன்னா அந்த நானூறு எட்டுல எங்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க. இத நிஷா டாக்டர்ட்ட சொல்லப்போறேன். வேண்டாம்னாலும் சொல்லுவேன். கோவிச்சுக்கிடுங்க, பரவால்ல."

கோபம்தான் வந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஆனாலும் கயிறு கட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிவந்து அழைத்தபோது இருந்தான். நிஷாவும் இருந்தார். பட்டியல் எதையும் வாசிக்கவில்லை. "என்னைக்கு ஆரம்பிச்சுது, செண்பகம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குள் சோழி மறுபடி படுக்கப் பார்த்ததால் பேச்சை முடித்துக்கொண்டு நடத்தப் போனேன்.

நாள் 73. காலை 05:50

லத்தி. ஒரு கிலோ இருநூறு கிராம். எடை போட்டேன்.

இரண்டு பக்கமும் குடல் சத்தம் கேட்கிறது. நாடி 44. சோழி என் தோள்மீது தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். கழுத்து வலிக்கிறது. நகரவில்லை.

நாள் 80. காலை 07:30
வெளியே −45°. லாயம் −8°. மனநிலை 4/10.

தண்ணீர் 17 லிட்டர். அளந்தது. அடுப்பில் சுட வைத்து, கம்பளி சுற்றிய கேனில் கொண்டுபோகிறேன். புல்லையும் நனைத்து வைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. காலையில் எழுவது இன்னமும் சண்டைதான். படுத்தபடி கூட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். இடது காலுறை, பிறகு வலது காலுறை, அதற்கு மேல் யோசிப்பதில்லை. நிஷா நாள்தோறும் பத்து மணிக்குப் பேசுகிறார். சில நாள் நான் பதில் சொல்வதில்லை. அவரும் லைனை வைப்பதில்லை. தன் வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞானதுரையின் குதிரையும் இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறதாம். அவனும் நிற்கிறானாம். இதை முன்னமே சொல்லியிருக்கலாம், மடையன்.

நாள் 92. பிற்பகல் 13:10
வெளியே −51°. காற்று அளவி உடைந்துவிட்டது.

மூன்று நாள் புயல். காற்றாலையின் இரண்டு இறக்கைகள் போய்விட்டன. குடியிருப்பின் கிடங்குக் கூரை இடிந்து பனி உள்ளே இறங்கிவிட்டது. தோண்டி எடுத்த உணவு, அரை வயிற்றுக்கு நாள் 120 வரை வரும். லாயத்தின் தீவன அறை தப்பித்தது. சோழிக்கு நாள் 150 வரை புல் இருக்கிறது.

மீந்திருக்கும் மின்சாரம் ஒரு கட்டடத்துக்குத்தான் போதும். லாயம் சிறியது, அங்கே இன்னொரு உடம்பின் சூடும் உண்டு. படுக்கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குக் கால் ஏறக்குறைய ஆறிவிட்டது. ஆனால் கூடாரமும் அடுப்பும் இல்லாமல் இருநூறு கிலோமீட்டர் போக முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசியாகக் கிடைத்த தொடர்பு:

"அக்கா, சாப்பாடு எது வரைக்கும் இருக்கு?"

"நூத்தி இருபது."

"சூரியன் நூத்தி முப்பத்தொண்ணு. அதுக்கப்புறம் பன்னெண்டு நாள் நடை. கணக்கு இடிக்குதே."

"எனக்கும் கூட்டத் தெரியும்."

"திரவியம் சார்ட்ட பேசியாச்சு. கேளுங்க, நாளைக்கே ஆறு குதிரையோட நாங்க கிளம்ப—"

அத்தோடு அறுந்துவிட்டது. ஆண்டெனா சாய்ந்து கிடக்கிறது. இரண்டு முறை ஏறிப் பார்த்தேன், நிற்கவில்லை.

கிளம்ப என்ன? கிளம்பறோமா? கிளம்பச் சொல்லிட்டாரா? கிளம்ப விட மாட்டேங்கிறாரா? ஒரு நாளாக அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். இந்த மொழியில் வினையைக் கடைசியில் வைத்தவர்மேல் ஆத்திரமாக வருகிறது.

வராதே என்றும் சொல்ல வேண்டும். இந்த இருட்டில் ஆறு குதிரைகள். அதைச் சொல்லவும் வழியில்லை.

நாள் 104. காலை 05:30

இந்தப் பதிவுக் கருவி எடுக்கும் மின்சாரம் ஒரு கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும். இரண்டையும் நடத்த முடியாது. ஆகவே இது கடைசிப் பதிவு. எழுதி முடித்ததும் இதைக் குடியிருப்பு வாசலில், சிவப்புக் கொடிக்கு அடியில் வைத்துவிட்டு லாயத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இதை எடுத்தவருக்கு. குடியிருப்பில் யாரையும் தேட வேண்டாம். கயிற்றைப் பிடித்து லாயத்துக்கு வாருங்கள். நாங்கள் அங்கே இருக்கிறோம்.

கதவைத் தட்டுங்கள். பதில் வராவிட்டாலும் திறவுங்கள். தீவன அறையின் கதவைக் கழற்றிவிட்டேன். உலர்புல் கட்டுகளையெல்லாம் பிரித்து அவள் வாய்க்கு எட்டும்படி போட்டிருக்கிறேன். கழுத்தில் கயிறு இல்லை. இப்போது சூடு முழுவதும் லாயத்துக்கே என்பதால், தென்மூலையில் கூரைப் பனி உருகிச் சொட்டும்படி ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். என் சாப்பாடு முடிந்த பிறகும் அவளுக்கு ஒரு மாதம் ஓடும். இதை விட்டுப்போகிறவளின் ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். நான் எங்கும் போவதாக இல்லை. நூற்று இருபதை நூற்று நாற்பத்து மூன்று ஆக்க என்ன வழியென்று தினமும் பார்க்கிறேன். ஆனால் பொய்க் கணக்கு எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அவள் பெயர் சோழி. புதியவர்கள் இடப்பக்கமாக வந்தால் மிரளுவாள். வலப்பக்கமாக வாருங்கள், பெயரைச் சொல்லிக்கொண்டே. ஞானதுரை, வந்தது நீயாக இருந்தால், கிளம்பச் சொன்னது யார் என்று முதலில் எனக்குச் சொல்.

மின்சாரம் 3%. காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. தெற்கே ஏதோ சத்தம் மாதிரி. பனி விரிசலாகவும் இருக்கலாம். சோழி காதை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். திருப்பியே வைத்திருக்கிறாள், இப்போது கனைக்