வலது கால்

என் அக்காவுக்கு,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். அப்பா எழும்பினால் பைப்பைத் திறந்துவிடுவேன்.

போன மாதம் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, "பொறுத்திரு, அவருக்காகச் செபி" என்றீர்கள். கன்னியர் மடத்தில் சேர்ந்த பிறகு நீங்கள் அப்படித்தான் கதைக்கிறீர்கள். நானும் செபித்தேன். இந்த வருடம் பெரிய வியாழன் பூசையில் பங்குச் சுவாமி சீடர்களாக இருத்திக் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அப்பாவைத் தெரிந்தெடுத்தார்கள்.

அழுக்குக் காலோடு கோயிலுக்குப் போவது மரியாதையில்லையாம். வீட்டிலேயே அம்மாவைக் கழுவச் சொன்னார் அப்பா. செவ்வாய்க்கிழமை அவரிடம் உதை வாங்கிய விலா வீங்கியிருந்ததால் அம்மாவுக்குக் குனிய முடியவில்லை; நிலத்தில் இருந்துகொண்டு கழுவினார்.

"நகத்தை வடிவா வெட்டு. சுவாமி முத்தம் குடுக்கிற கால்."

"எந்தக் கால்?" என்று அம்மா கேட்டார்.

"வலது."

அம்மா அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெட்டினார்.

கோயிலில் நான் பாடகர் குழுவில் நின்றேன். சுவாமி முழங்காலில் நின்று அந்தக் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். அப்பா அழுதார். "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் குடுத்துவைக்கோணும் பிள்ளை" என்று பக்கத்தில் நின்று பாடிய மெற்றில்டா அன்ரி என் காதில் சொன்னார். நான் பாட்டை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். அம்மா படுக்க முடியாமல் கதிரையில் இருக்கிறார்.

உங்களுக்கு வரும் கடிதங்களைப் பெரிய சிஸ்டர் பிரித்துப் படிப்பார் என்றீர்கள். படிக்கட்டும்.

இனிச் செபிக்க வேண்டாம், அக்கா. வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து,
உங்கள் தங்கை