பதினேழாம் பொத்தான்

பிப்ரவரி 6, 2024. செவ்வாய், காலை 9.10.
பதினேழாம் பொத்தான்: 612 முறை.

நூலகத்தில் குடியேறிகளின் கதைப் பெட்டி. இருபத்துநாலு பொத்தான்கள், இருபத்துநாலு குரல்கள். கட்டியவன் நான். நடத்துபவள் மார்லீன்; கதை கேட்டால் வெறுப்பு குறையும் என்று நம்புகிறாள். வேறெந்தப் பொத்தானும் அறுபதைத் தாண்டவில்லை. பதினேழு என் அம்மா பூரிங்கின் குரல். "ஊருக்கே உங்களைப் புடிச்சுப்போச்சு, பூரிங்" என்று மார்லீன் போனில் அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு பிலிப்பைன்ஸில், இலோயிலோவில் இருக்கும் சித்தியை அழைத்தாள்.

பிப்ரவரி 10
கடையில் ரொட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து இரண்டு பையன்கள் அம்மாவின் கூப்பாட்டைப் போட்டார்கள். பன்றிகளைத் தீனிக்கு அழைக்கும் கூப்பாடு, பதிவில் உள்ளது. அம்மா திரும்பிக் கையாட்டினாள். மறுபடி போட்டார்கள். மறுபடி ஆட்டினாள்.
"என்னைத் தெரியுதுடா இவங்களுக்கு."
இந்த ஊருக்கு வந்த பதினோரு வருஷத்தில் முதல்முறையாக.

பிப்ரவரி 11
பெட்டி நொடிக் கணக்கு வைக்கும். இன்றுவரை 671 அழுத்தல்கள். 669 நாற்பதாவது நொடியில் நின்றுவிட்டன. கூப்பாடு முடியும் இடம். பின்னால் தள்ளித் தள்ளி அதையே கேட்டிருக்கிறார்கள்.

கதை ஒன்பது நிமிடம். பன்றி இறைச்சி ஆலையில் அம்மா சேர்ந்த முதல் வாரம், வெட்டும் வாசலுக்கு முன்னால் பன்றிகள் மிரண்டு நின்றன. மின்கோலுக்கும் நகரவில்லை. அம்மா சொந்த ஊரில் வீட்டுப் பன்றிகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். வந்தன. அதற்கப்புறம் அவை மிரளும்போதெல்லாம் மேற்பார்வையாளன் அவளைத்தான் அனுப்பினான். ஆறு வருஷம். "நம்பி வந்துச்சுங்க" என்று அவள் சொல்வது எட்டாவது நிமிடத்தில்.

பதிவில் கூப்பாடும் முதலில் அங்கேதான் இருந்தது. கேட்பவனை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்று வெட்டி முன்னால் ஒட்டியது யார்? நான்தான்.

பிப்ரவரி 13
மார்லீனிடம் பதினேழைக் கழற்றச் சொன்னேன். சின்னப் பசங்க, சிரிச்சுட்டுப் போகட்டும், அதுவும் ஒரு தொடக்கம்தானே என்றாள். எண்ணிக்கையை நகரசபைக்கு அனுப்பிவிட்டாளாம். அவர்களுக்கும் சந்தோஷமாம்.

பிப்ரவரி 17
சொல்லிவிட்டேன்.

அம்மா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உதட்டுச்சாயம் போட்டிருந்தாள், ரொட்டி வாங்கப் போக எதற்கு அது? மடிக்கணினியைத் திறந்து நொடிக் கணக்கின் வரைபடத்தைக் காட்டினேன். புரியவில்லை. இரண்டாம் முறை விளக்கினேன், விரலை வைத்து, இங்கே நிறுத்துறாங்க, இங்கே சிரிக்கிறாங்க என்று.

"நான் கையாட்டுனேனேடா."

அவ்வளவுதான். சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

உண்மையைச் சொல்வது நல்லது என்று எந்த மடையன் எனக்குச் சொன்னான்?

பிப்ரவரி 18
மாதா கோயிலுக்கு வரவில்லை.

பிப்ரவரி 24
ஒரு வாரமாகக் கடைக்கு நான் போகிறேன். சித்தி அழைத்தால் எடுப்பதில்லை. அந்தப் பையன்களால் முடியாததை நான் பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு
சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மீதியை யாராச்சும் கேட்டாங்களா?"

இரண்டு பேர். ஒன்று நான், சோதித்துப் பார்க்க. இன்னொன்று திறப்பு விழா அன்று மாலை 4.20, எல்லோரும் கேக் தின்னப் போன பிறகு. பெட்டிக்கு முன்னால் தனியாக நின்றது அம்மாதான்.

"நாப்பது பேர்" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

இனி:
1. கூப்பாட்டை எட்டாவது நிமிடத்துக்கே கொண்டுபோவது.
2. முன்னால் தள்ளும் வசதியை அறுப்பது. மார்லீனைக் கேட்காமல்.
3. சனிக்கிழமை அந்த இரண்டு பையன்களையும் பிடித்துப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைப்பது. ஒன்பது நிமிடமும்.
4. மிச்சம் முப்பத்தெட்டு பேர்.